சிரிக்க வைக்கிற பிள்ளைகளுக்கு வசனம் எழுதுவது யார்?

ஜனவரி பிறந்துவிட்டால் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழாக் காலம். நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையாசிரியரின் ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் பேச்சு, பரிசளிப்பு, அப்புறம் கலை நிகழ்ச்சிகள். கலை நிகழ்ச்சிகளில் ஏழெட்டு நடனம், நடுவில் ஒரு நாடகம். அது பெரும்பாலும் நகைச்சுவை நாடகம். நடிப்பவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள். சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு வசனம் மனதில் நிற்காது. பெரிய வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு. ஆகவே நடுவில் மாட்டுகிறவர்கள் இவர்கள்தான். :-)

ஒரு பத்து நிமிட நாடகத்துக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கலாம். ஆமாம், வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டும் எழுதிக்கொண்டும் ஒப்பித்துக்கொண்டும் இருக்கிறார்கள். பெற்றோரும் ஊர்க்காரர்களும் எதிரில் உட்கார்ந்திருக்க, அவர்கள் வாய் திறந்து பேசுகிற நேரம் அந்தப் பத்து நிமிடம்தான். அதில் அவர்கள் பேசுவது யாருடைய பேச்சு?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் நகைச்சுவை நாடகம் போட வேண்டும். இப்போது போடுவதைவிட அதிகமாகவே போட வேண்டும். ஆனால் அதை அவர்களே உண்டாக்க வேண்டும். கடன் வாங்கிய சிரிப்பு வேண்டாம்.

இப்போது என்ன நடக்கிறது?

நான் பார்த்தவரை இந்த நாடகங்கள் இரண்டே வகை.

முதலாவது, கருத்து நாடகம். மது ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, டெங்குக் கொசு ஒழிப்பு என்று ஏதாவது ஒன்றை ஒழித்தாக வேண்டும். வசனத்தை ஆசிரியர் எழுதிவிடுவார். சிரிப்புக்காக ஒரு குடிகாரர் தள்ளாடிக்கொண்டு வருவார். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பார்கள். பன்னிரண்டு வயசுப் பையன் தள்ளாடினால் கூட்டம் நன்றாகச் சிரிக்கும். வீட்டில் தினமும் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்க்கிற பிள்ளைகளும் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் வராது.

இரண்டாவது, சினிமா காமெடி. பள்ளியில் இருப்பது இரண்டு மைக். அதனால் படத்து வசனத்தை அப்படியே ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, பிள்ளைகள் வாயசைப்பார்கள். ஏழாம் வகுப்புப் பையன் வடிவேலு குரலில் அழுவான். விஜய் டிவியில் 2005-ல் 'கலக்கப் போவது யாரு' வந்த பிறகு மிமிக்ரியும் இதோடு சேர்ந்துகொண்டது. இப்போது செல்போனில் வருகிற குட்டிக் குட்டி வீடியோக்களும் சேர்ந்துவிட்டன.

இரண்டிலும் பிள்ளைகளின் உடம்பு இருக்கிறது, குரலும் புத்தியும் இல்லை. முதலாவதில் ஆசிரியர் பேசுகிறார், இரண்டாவதில் சினிமா பேசுகிறது.

சினிமா காமெடி மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. கவுண்டமணி செந்திலை உதைக்கிற காட்சிகளைப் பார்த்து நாமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான். ஆனால் அங்கே உதைக்கிறவரும் உதை வாங்குகிறவரும் வளர்ந்த மனிதர்கள். தெரிந்தே அந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். காட்சி முடிந்ததும் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அதே காட்சி ஏழாம் வகுப்புக்கு வரும்போது என்ன ஆகிறது?

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

சினிமா காமெடியை மேடையில் போட வேண்டுமென்றால் முதலில் ஆள் பொறுக்க வேண்டும். குண்டு வேஷத்துக்கு வகுப்பில் குண்டாக இருக்கிறவன். கறுப்பு என்று கேலி வாங்குகிற வேஷத்துக்குக் கறுப்பாக இருக்கிறவன். திக்கிப் பேசுகிற வேஷத்துக்கு, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, நிஜமாகவே திக்குகிறவன். நடிக்கத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. உடம்பைப் பார்த்து வேஷம் கொடுக்கிறார்கள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவனின் கதை இது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஏழாம் வகுப்பில் அவனுக்குச் சாப்பாட்டு ராமன் வேஷம். நாடகத்தில் நான்கு பேர் மாறி மாறி வந்து அவன் வயிற்றில் தட்ட வேண்டும். பயங்கரக் கைதட்டல். அடுத்த நாளிலிருந்து யார் வேண்டுமானாலும் அவன் வயிற்றில் தட்டலாம் என்று ஆகிவிட்டது. பள்ளியே கைதட்டி அனுமதித்த விஷயம் அல்லவா? கொஞ்ச நாளில் அவன் சத்துணவு வரிசையில் நிற்பதை நிறுத்திவிட்டான். நாடகத்தில் அவனுக்கு வந்த பெயர் பன்னிரண்டாம் வகுப்பு வரை கூடவே வந்தது. நாடகம் ஓடியதோ பத்தே நிமிடம்.

இது சின்ன விஷயம் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று வயசு என்பது உடம்பு மாறுகிற வயசு. குரல் உடையும், முகத்தில் பரு வரும், ஒருவன் திடீரென்று வளர்ந்துவிடுவான், பக்கத்தில் இருப்பவன் வளராமல் நிற்பான். கண்ணாடி முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கிற வயசில் ஒருவனை ஊருக்கு முன்னால் நிறுத்தி, இவன் உடம்புதான் ஜோக் என்று சொல்வது கொடுமை.

பட்டப்பெயர் உடம்போடு நிற்பதும் இல்லை. நம் பள்ளிகளில் பட்டப்பெயர் எந்தத் தெரு, எந்தக் காலனி என்பது வரை போகும் என்பது படித்த எல்லோருக்கும் தெரியும். பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைப் பற்றி ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அறிக்கை கொடுத்தது. அப்படி ஒரு குழு தேவைப்பட்ட காலத்தில் இருக்கிறோம். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது வகுப்பறையிலும் மேடையிலும்தான்.

அப்படியானால் காமெடியே வேண்டாம், நல்ல கருத்து நாடகம் மட்டும் போதும் என்று முடிவு கட்டிவிடலாமா? அதற்குத்தான் நான் வரவில்லை. நம் பக்கத்திலேயே வேறு ஒரு வழி இருக்கிறது.

பபூன் என்ன செய்கிறார்?

திண்டுக்கல், மதுரை மாவட்டக் கிராமங்களில் கோயில் திருவிழா வந்தால் ஒரு ராத்திரி 'வள்ளித் திருமணம்' நாடகம் இருக்கும். எங்கள் கன்னிவாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாயை விரித்து முன்வரிசையில் இடம் பிடிக்கிறவர்களே அவர்கள்தான். நாரதர் தர்க்கம் வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆனால் பபூன் வரும்போது ஒருவரும் தூங்க மாட்டார்கள். அவர்தானே முதலில் வருவார்!

இந்த நாடகத்துக்கு 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி முடித்து வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் சந்தித்துக்கொள்வதும் உண்டு. சூசன் சீசர் என்ற அமெரிக்க மானிடவியல் ஆய்வாளர் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகி 2005-ல் ஒரு முழுப் புத்தகமே வெளியிட்டிருக்கிறார்.

பபூனின் வேலையைக் கவனித்துப் பாருங்கள். கதைக்கும் பாட்டுக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பிரதி இருக்கிறது. பபூன் பேசுவது அதில் இல்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுக்கிறார். தன்னையே முட்டாளாக்கிக்கொள்கிறார். அந்த ஊருக்கு எது சிரிப்பு என்று பார்த்து அதைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு ஊரில் எடுபட்டது அடுத்த ஊரில் எடுபடாமல் போகலாம், அதனால் அவர் எந்நேரமும் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

பபூன் பேச்சில் இரட்டை அர்த்தம் நிறைய உண்டு, அதைப் பள்ளிக்குக் கொண்டுவர முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள். சரிதான். வசனத்தை எடுக்க வேண்டாம், முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். எதிரில் இருக்கிற கூட்டத்தைத் தெரிந்துகொண்டு அந்த இடத்துக்கென்றே உண்டாக்குவது ஒன்று. அடுத்தவன் உடம்பைவிடத் தன் அசட்டுத்தனத்தை முதலில் கேலிப் பொருளாக்குவது இன்னொன்று. இரண்டையும் பன்னிரண்டு வயசில் கற்றுக்கொள்ள முடியும்.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் நூறு வருஷத்துக்கு முந்தைய மதுரையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நூறு வருஷத்துக்கு முன்னால்

பெரிய நடிகர்கள் சொன்னபடி கேட்பதில்லை, ஒழுங்கில்லை என்று சலித்துப்போன சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைத் தேடினார். 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' தொடங்கியது. அதில் சேர்ந்தபோது டி.கே. ஷண்முகத்துக்கு ஆறு வயசு. அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே ராத்திரியில் எழுதியதாக ஷண்முகம் பின்னாளில் தன் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் சொல்லியிருக்கிறார். டி.கே.எஸ். சகோதரர்கள் பிறகு சொந்தமாகக் கம்பெனி நடத்தினார்கள். இன்னொரு பக்கம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. எம்.ஜி.ஆரும் பி.யு. சின்னப்பாவும் அங்கே இருந்தவர்கள். சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்தான். சிறுவனாக இருந்தபோது சீதை வேஷம் கட்டியவர்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. அன்றைக்குப் பையன் புடவை கட்டினால் கூட்டம் அழுதது. இன்றைக்குப் பள்ளி மேடையில் பையன் புடவை கட்டினால் அதுவே ஜோக். நடந்து வந்தாலே போதும், வசனம்கூட வேண்டாம். பெண்களைப் பற்றி அந்தச் சிரிப்பு என்ன சொல்கிறது என்று வகுப்பில் இருக்கிற பெண் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பாய்ஸ் கம்பெனியைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வீடு இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. வறுமை தாங்காமல்தான் பல பெற்றோர்கள் கொண்டுவந்து விட்டார்கள். பாடம் வராவிட்டால் அடி. மகரக்கட்டு உடைந்து குரல் மாறிவிட்டால் அதுவரை நடித்த வேஷம் போய்விடும். நாம் பேசிக்கொண்டிருக்கிற இதே வயசுதான். இன்றைய சட்டப்படி பார்த்தால் அது குழந்தைத் தொழிலாளர் முறை.

ஆனால் அங்கிருந்து வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், 1908-ல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் தேறியவர். சினிமாவுக்கு வந்த பிறகும் தன் நகைச்சுவைப் பகுதியைத் தானே அமைத்துக்கொண்டவர்.

அவருடைய 'கிந்தனார்' காலட்சேபம் 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இருக்கிறது. நந்தனார் கதையை வைத்துப் பண்ணியது. நந்தனார் சிதம்பரம் போக ஆசைப்பட்டார். கிந்தன் ஆசைப்படுவது பள்ளிக்கூடத்துக்கு. தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளை, படிக்க வழியில்லாமல் ஊரைவிட்டு ஓடி, ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கடைசியில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பி வருகிறான். படம் முழுக்கச் சிரிக்கலாம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அந்தப் பையனைப் பார்த்து அல்ல. அவனைப் படிக்கவிடாமல் தடுத்தவர்களைப் பார்த்து. முழுதாகப் பள்ளிக்குப் போகாத ஒரு மனிதர், பள்ளிக்குப் போகத் துடிக்கிற பிள்ளையைப் பற்றித் தமிழில் ஒரு பெரிய நகைச்சுவையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் பள்ளி மேடைகள் எந்த வழியில் போக வேண்டும் என்று கேட்டால், நான் இந்த வழியைத்தான் காட்டுவேன்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு மேடை இருந்தது, பள்ளிக்கூடம் இல்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, மேடைதான் வருஷத்துக்குப் பத்து நிமிடம். இரண்டையும் சேர்த்துக் கொடுக்க இன்றைக்கு நம்மால் முடியும்.

அரசு எதுவுமே செய்யவில்லையா?

செய்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை படிக்கிறவர்களுக்குப் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டிகள். நாடகமும் அதில் ஒரு பிரிவு. மலையடிவாரத்துப் பள்ளியில் படிக்கிற பிள்ளை மாநில மேடை வரை போகலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் ஜெயிக்கிற நாடகத்தைத் தேடுவோம். ஜெயிக்கிற நாடகத்தைப் பெரியவர்கள் எழுதுவார்கள். மறுபடியும் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள்.

ஆள் இல்லாததுதான் பெரிய குறை. 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. உடற்கல்விக்கு 5,392 பேர், ஓவியத்துக்கு 5,253 பேர், தொழிற்கல்விக்கு 5,904 பேர். நாடகத்துக்கென்று ஒரு பிரிவே இல்லை. இத்தனைக்கும் 2005-ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, நாடகம் உட்பட எல்லாக் கலைகளையும் பத்தாம் வகுப்பு வரை பாடமாகவே வைக்கச் சொல்லியிருந்தது. சொல்லி இருபது வருஷம் ஆகிவிட்டது.

வழி காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. நம் மாவட்டத்துக் காந்திகிராமத்தில் 1977-ல் தேசிய நாடகப் பள்ளியின் பயிலரங்கு நடந்தது. தமிழ் நவீன நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதைக் குறிப்பிடாமல் போவதில்லை. காந்திகிராமத்தில் பணியாற்றிய சே. இராமானுஜம் குழந்தைகள் நாடகத்துக்காகவும் தொடர்ந்து உழைத்தவர். புதுச்சேரியில் வேலு சரவணன் கோமாளியாக வந்து பிள்ளைகளோடு பேசிப் பேசியே 'கடல் பூதம்' போன்ற நாடகங்களை நடத்தியிருக்கிறார். பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருந்தாலும் அந்த நாடகத்தில் அவர்களும் பாத்திரங்கள்தான். ஆகவே எப்படிச் செய்வது என்பது இங்கே தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தது பள்ளிக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, எப்படிச் செய்யலாம்?

நான் நாடக ஆசிரியன் இல்லை. ஆனால் நாடகம் தெரியாத ஆசிரியரும் செய்யக்கூடியதாகச் சில விஷயங்கள் தோன்றுகின்றன.

ஒன்று, முதலில் எழுத வேண்டாம், முதலில் நடித்துப் பார்க்கட்டும். 'இந்த வாரம் உங்களுக்குச் சிரிப்பு வந்த, அல்லது எரிச்சல் வந்த விஷயம் எது?' என்று கேட்டால் வகுப்பு கொட்டிவிடும். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கிற பஸ், அதற்குப் பின்னால் புத்தகப் பையோடு ஓடுகிற கூட்டம். காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை என்று இருக்கிற சின்ன வெங்காயம். மலைப்பாதையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிடுங்குகிற குரங்கு. வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் நம்புகிற மாமா.

ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டு வேலை செய்து செய்து தாத்தாவின் விரல் தேய்ந்துவிட்டது. கைரேகை விழவில்லை. ஒரு பையன் மிஷினாக நிற்கிறான். தாத்தா விரலை வைக்க வைக்க, 'நீங்கள் நீங்கள் அல்ல' என்கிறான். ஊரே வந்து இவர்தான் அவர் என்று சாட்சி சொல்கிறது. மிஷின் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் தாத்தாவே, 'அப்ப நான் யாருப்பா?' என்று கேட்கிறார். இதில் யார் உடம்பையும் கேலி பண்ணவில்லை. ஆனால் மண்டபம் அதிரும். ஏனென்றால் முன்வரிசையில் இருக்கிற பாதித் தாத்தாக்களுக்கு அது நடந்திருக்கும்.

இரண்டு, ஒரே ஒரு விதி. ஒருவர் செய்வதைப் பார்த்துச் சிரிக்கலாம், ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கஞ்சத்தனம், பெருமையடிப்பது, அதிகாரம், சோம்பல் எல்லாம் சிரிப்புக்கு வரலாம். நிறம், உயரம், எடை, திக்கு, தெரு, சாதி வரக் கூடாது. இந்த விதியை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் புரியவைக்கலாம். பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மூன்று, பிள்ளைகள் பேசுகிற தமிழிலேயே இருக்கட்டும். அங்குட்டு, இங்குட்டு, வெஞ்சனம் என்று வீட்டில் பேசுகிற பிள்ளையை வகுப்பில் தினமும் திருத்துகிறோம். பரீட்சைக்கு அது தேவைதான். மேடையிலாவது அந்தப் பேச்சுக்கு மரியாதை கிடைக்கட்டும். தன் பாட்டி பேசுகிற மாதிரி மேடையில் பேசி, ஊரே சிரித்து, பாட்டியும் சிரித்தால் அந்தப் பிள்ளைக்குத் தன் பேச்சு மேல் இருக்கிற கூச்சம் போய்விடும்.

நான்கு, வேஷத்தைப் பிள்ளைகளே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற அம்மா வேஷம் மட்டும் போதாது. கண்டக்டர், புரோக்கர், ஊர்த்தலைவர், ரேஷன் மிஷின் எல்லாம் அவர்களுக்கும் வர வேண்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைதான் எல்லோரையும் நன்றாகக் கவனித்து வைத்திருக்கும். மேடை ஏறக் கூச்சப்பட்டாலும் வசனம் அதனிடமிருந்து வரும்.

ஆசிரியர் என்ன செய்வார்? வெட்டுவார். இருபது நிமிடமாக வந்து நிற்பதைப் பத்து நிமிடமாக்குவார். விதி மீறுகிற இடத்தில் நிறுத்திக் கேட்பார். எழுதித் தர மாட்டார். இது எழுதிக் கொடுப்பதைவிடக் கஷ்டமான வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

வரக்கூடிய எதிர்ப்புகள்

'பாடம் முடிக்கவே நேரம் இல்லை' என்பார்கள். ஆண்டு விழாவுக்கு எப்படியும் இரண்டு வாரம் போகிறது. அந்த இரண்டு வாரத்தில் செய்தால் போதும். தமிழ்ப் பாடத்தில் உரையாடல் எழுதுக என்று ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் கோனார் உரையைப் பார்த்து எழுதுவார்கள். இந்த நாடகத்தில் அதையே சொந்தமாகச் செய்துவிடுவார்கள்.

'பிள்ளைகள் வாத்தியார்களையே கிண்டல் பண்ணுவார்கள்' என்பார்கள். பண்ணட்டுமே! சாக்பீஸைத் தேடிக்கொண்டே பாடம் நடத்துகிற சாரை மேடையில் பார்த்து, அந்த சார் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தால், அந்தப் பள்ளியில் மரியாதை கூடத்தான் செய்யும். மேடையில் வராவிட்டால் அந்தக் கிண்டல் கழிப்பறைச் சுவரில் வரும். எது மேல் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

'இந்த வயசுப் பிள்ளைகளை மேடையில் நிறுத்தவே கூடாது, விளையாட்டாக நாடகம் ஆடினால் போதும்' என்று சொல்கிற கல்வியாளர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பீட்டர் ஸ்லேட் 1954-ல் எழுதிய 'சைல்டு டிராமா' என்ற நூலிலிருந்தே இந்த வாதம் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு அது சரி. கைதட்டலுக்காகக் குழந்தை நடிக்கத் தொடங்கினால் விளையாட்டு கெட்டுவிடும். ஆனால் பன்னிரண்டு வயசுப் பிள்ளை எதிரில் ஆள் இருப்பதை விரும்புகிறது. தான் சொன்னதற்குப் பத்துப் பேர் சிரித்தால் வருகிற தைரியம் அந்த வயசில் மிகவும் தேவைப்படுகிறது. உடம்பு கேலியால் ஒரு பிள்ளை ஒடுங்கிப்போவதும் அதே வயசில்தான், தன் சொல்லால் நிமிர்வதும் அதே வயசில்தான்.

'இயல்பாக நகைச்சுவை வருகிற பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர்தானே' என்றும் சொல்லலாம். அப்படித் தோன்றுவதற்குக் காரணம், நாம் வாயாடிகளை மட்டும் கணக்கில் எடுப்பதுதான். அடுத்தவன் வசனத்தை முடிக்கும் வரை காத்திருப்பது, கூட்டம் சிரித்து அடங்கும் வரை பேசாமல் நிற்பது, சொதப்பினால் அதையே வைத்துச் சமாளிப்பது, இவையெல்லாம் பழக்கத்தில் வருகிறவை. கிரேசி மோகன் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் படிக்கும்போதே நாடகம் எழுதத் தொடங்கியவர் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். கல்லூரி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கல்லூரிக்கே போகாத பிள்ளைகள் எங்கே போய் எழுதுவார்கள்?

இதைப் படிக்கிற என் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் படித்த பள்ளிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆண்டு விழா நேரத்தில் சனி, ஞாயிறு போய் இரண்டு மணி நேரம் உட்கார முடியும். தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். போகும்போது செல்போனில் காமெடி சீன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீங்களாக வசனம் எழுதிக்கொண்டும் போகாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். பிள்ளைகள் பேசப் பேச நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் நாடகம் சுமாராகத்தான் இருக்கும். பாதி வசனம் மறந்துபோகும், ஒருவன் மேடையிலேயே சிரித்துவிடுவான், தாத்தாவின் மீசை கழன்று விழும். பரவாயில்லை. அந்தச் சிரிப்பில் யார் வயிற்றிலும் யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளே எழுதி நடித்த நாடகம் எதையாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள், பேசுவோம்.